தரையில கால் படாத பையன்

ஒரு ஊர்ல ஒரு பிள்ளைக் காப்பகமாம். கால ஆட்டாம படு சாமி, அப்பத்தான் சொல்லுவேன். பனியன் கம்பெனிக்குப் போற அம்மாமாருங்க பிள்ளைகள அங்க விட்டுட்டுப் போவாங்க. அதுல யுகன்னு ஒரு குட்டிப் பையன். ஒன்றரை வயசாகியும் நடக்கல. ம் சொல்லு.

அவங்கம்மா பூங்கொடிக்குத் தூக்கமே இல்ல. "கால்ல ஏதோ குறை இருக்கு டீச்சர்"னு தெனமும் அழுவா.

கால்ல ஒரு குறையும் இல்ல. தரைய மிதிக்க விட்டாத்தானே? அவன் சுவத்தப் புடிச்சு எந்திரிப்பான். உடனே ராமாத்தா ஆயா, "அய்யோ, விழுந்துருவான்"னு ஓடியாந்து லபக்குன்னு தூக்கி இடுப்புல வெச்சுக்கும். அப்புறம் ஜன்னல் கம்பியப் புடிச்சு எந்திரிப்பான். அப்போ சுகந்தி டீச்சர் லபக். அப்புறம் சாயந்திரம் ஸ்டூலத் தள்ளிட்டு ஒரு அடி வெப்பான், பூங்கொடி வந்துருவா. லபக். அப்புறம் மூணு பேரும் உக்காந்து, இவன் ஏன் நடக்கலன்னு கவலப்படுவாங்க. எனக்குத் தலையில அடிச்சுக்கலாம் போல வரும்.

பிள்ளை எப்படிக் கத்துக்குதுன்னு பக்கத்துல இருந்து பாக்கணும்னுதான் டீச்சருக்குப் பயிற்சியே குடுத்தாங்க. எங்க பாத்தாங்க? கண்ணுக்கு முந்தி கை போயிருது.

அப்புறம் தீபாவளிக்கு முந்துன நாள் வந்துச்சு. பிள்ளைக தூங்குற நேரமாப் பாத்து, ஆயா மருதாணி அரைச்சுக் கொண்டாந்துச்சு. ஆயாவும் டீச்சரும் கை நெறைய அப்பிக்கிட்டு உக்காந்தாங்க. அப்போ யுகன் முழிச்சு, சுவத்தப் புடிச்சு எந்திரிச்சான்.

"டீச்சர், தூக்குங்க."

"என் கையப் பாருங்க ஆயா. நீங்க தூக்குங்க."

"என் கை மட்டும் காஞ்சிருச்சா?"

வேற வழியில்லாம, கைய விரிச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருந்தாங்க. ம்?

அவன் சுவத்த விட்டான். தத்தக்கா பித்தக்கா, தொப்பு. அவன் அழவே இல்ல. கைய ஊணி, குண்டியத் தூக்கி, எந்திரிச்சான். மறுபடியும் தொப்பு. மூணாந்தடவ கால அகட்டி வெச்சான்.

"ஆயா, யாரும் சொல்லாமலே கால அகட்டுறான் பாருங்க"ன்னு டீச்சர் மெதுவாச் சொன்னாங்க. அப்புறம் தொப்பே இல்ல. தப்பு தப்புன்னு நடந்தான்.

அன்னிக்குக் கம்பெனிய சீக்கிரம் விட்டதால, அந்த நேரம் பாத்து பூங்கொடி வந்தா. கைய நீட்டிக்கிட்டு ஓடியாறா. "தூக்காத"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணா அதட்டுனாங்க. அவ அப்படியே வாசல்ல உக்காந்துட்டா. கண்ணுல தண்ணி கொட்டுது.

அவன் நேரா அவகிட்ட வந்தான். மடியில உக்காருவான்னுதான் அவளும் நெனச்சா. அவன் அம்மா தோளப் புடிச்சுச் சுத்திக்கிட்டு, வாசலத் தாண்டி, வெளிய போயிட்டான். இவ்வளவு நாள் நடக்கலன்னு அழுதவ, இப்போ தன்ன விட்டு நடந்து போறானேன்னு கொஞ்சம் அழுதா. அப்புறம் எந்திரிச்சு, கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டு, அவன் பின்னாடியே போனா.

பையனும் போயாச்சு, கதையும் போயாச்சு. நீ கண்ண மூடு.