பதில் பேசக்கூடாத கோடு

சீடருக்கு வயது ஐம்பத்திரண்டு, குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. காலம் அப்படி, என்ன செய்ய!

சீடரின் பெயர் ஆவுடையம்மாள். டெலிபோன் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சாலிகிராமத்தில் ஒரு மாடி ஹாலில் நடிப்புப் படிக்க வந்தவள். குரு நிலோஃபர். அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் பாதிக்குமேல் கேள்வியாகத்தான் இருக்கும்.

அந்த வகுப்பில் இரண்டு சட்டம். நிலோஃபர் 'கட்' சொல்லும்வரை கேமரா ஓடும், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நடித்து முடித்தவர் தரையில் போட்ட சாக்பீஸ் கோட்டிலேயே நின்று, உடன் படிப்பவர்கள் சொல்லும் கருத்தைக் கேட்கவேண்டும். பதில் பேசக்கூடாது. "அது ஏன்னா..." என்று வாயெடுத்தாலே போதும், நிலோஃபர் நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கிவிடுவாள்.

அன்றைக்கு ஆவுடையம்மாள் காலையிலிருந்தே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு படக் கம்பெனி, தனியாளாக நின்று பேசும் காட்சி ஒன்றை அனுப்பி, அதை நடித்து மாலை ஆறு மணிக்குள் வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தது. இதுவரை கல்யாணக் கூட்டத்தில் ஒருத்தி, ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி என்று தலையை மட்டும் காட்டியவள் அவள். வாய் திறந்து பேசும் வேஷம் இதுதான் முதல். இதுவும் போனால் அம்பாசமுத்திரத்துக்கே திரும்பிவிடலாம் என்று கணவரிடம் வாக்குக் கொடுத்தாயிற்று. மனிதர் ஊர் வீட்டுக்கு வெள்ளையடிக்கவே ஆரம்பித்துவிட்டார்!

காட்சி இதுதான். கல்யாண வீட்டில் சங்கிலி காணாமல் போகிறது. கூடமாட வேலை செய்ய வந்த ஏழைச் சொந்தக்காரியின் பையைச் சோதிக்கிறார்கள். அவள் எல்லோர் நடுவிலும் நின்று பேசவேண்டும்.

ஆவுடையம்மாள் பேசினாள். குரல் கேமராவைத் தாண்டிப் போகவில்லை. கை பாட்டுக்குப் புடவைத் தலைப்பைப் பிசைந்தது.

"கட்" என்றாள் நிலோஃபர்.

கூடப் படிக்கும் மூன்று பேரும் கேமராவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"கை ரொம்ப ஆடுதுக்கா" என்றாள் ஜெனிட்டா.

"குரல் பத்தலம்மா" என்றார் சுகுமாரன். "கல்யாண வீடு இல்லையா? பந்தியில இருக்கிறவனுக்கும் கேக்கணும்."

"கண்ணுல தண்ணியே வரல ஆன்ட்டி" என்றான் லோகு. "அழுதாத்தானே நம்புவாங்க?"

லோகு போன மாதம்தான் சேர்ந்தவன். இருந்தால் என்ன, கருத்து சொல்லக் காசா பணமா!

ஆவுடையம்மாள் மூன்றுக்கும் தலையாட்டினாள். "இன்னொரு தடவை எடுத்துரலாம் டீச்சர்."

இந்தத் தடவை கை ஆடக்கூடாது என்று முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டாள். தொண்டையை உயர்த்தினாள். நடுவில் கண்ணை இறுக்கி மூடி எப்படியோ ஒரு சொட்டு வரவழைத்தாள். மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி கடைசி வரியைச் சொல்லி முடித்துவிட்டு, மூன்று முகங்களையும் பார்த்தாள்.

"கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கேக்கா. கொஞ்சம் அசைச்சிருக்கலாம்."

"கத்துறீங்களேம்மா."

"அழுகை கொஞ்சம் ஓவர் ஆன்ட்டி."

கடைசியில் ஜெனிட்டாவே சொன்னாள்: "முதல்ல எடுத்ததே தேவலை."

ஆவுடையம்மாளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கடிகாரம் ஐந்தைத் தாண்டியிருந்தது. ஊரில் வெள்ளையடித்த சுவர் கண்முன்னால் வந்து நின்றது.

"டீச்சர், ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நான் யார் சொல்றதைக் கேக்க?"

நிலோஃபர் கேமராவுக்குப் பின்னாலிருந்து நகரவில்லை.

"அவங்க சொன்னது தப்பாக்கா?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்போ அவங்ககிட்ட உங்களுக்கு என்ன சொல்லணும்னு தோணுது?"

"அதான் பதில் பேசக்கூடாதுல்லா?"

"இன்னைக்கு அந்தச் சட்டத்தை எடுத்தாச்சு. சொல்லுங்க."

ஆவுடையம்மாள் மூன்று பேர் பக்கமும் திரும்பினாள்.

"நீ சொன்னேன்னுதானே ஜெனிட்டா கையைக் கட்டினேன்? இப்ப ஏன் கட்டினேங்கே. சார், கேக்கலைன்னு சொன்னது நீங்க. உங்களுக்காகத்தான் தொண்டையைக் கிழிச்சுக்கிட்டேன். ஏ லோகு, அழு அழுன்னா அழுகை வந்துருமாய்யா? கை சரியில்லை, கண்ணு சரியில்லை, தொண்டை சரியில்லை. நான் பயந்து செத்துக்கிட்டு நிக்கேன், அது யாரு கண்ணுலயாவது பட்டுச்சா? எல்லாரும் என்னைப் பத்திப் பேசுறீங்க. என்கிட்ட யாராச்சும் பேசினீங்களா?"

கடைசி இரண்டு வரியும் படக் கம்பெனி அனுப்பிய காட்சியில் இருந்தவை. அவள் அதைக் கவனிக்கவே இல்லை. வாய் தானாகத் தொடர்ந்தது.

"பையைத் தேடுறீங்க. தேடுங்க. ஒரு மாத்துச் சேலையும் என் பிரஷர் மாத்திரையும்தான் இருக்கு. விடியக்காலம் இருந்து அடுப்படியில நிக்கிறேன். சாப்பிட்டியான்னு ஒருத்தர் கேக்கல. சங்கிலியை எடுத்தியான்னு மட்டும் இத்தனை பேரு கேக்குறீங்க. அந்தச் சங்கிலி கிடைச்சிரும். ஏதாவது மெத்தைக்கு அடியில கிடைச்சிரும். அப்போ உங்க முகத்தை எல்லாம் எங்க கொண்டுபோய் வச்சுக்குவீங்க?"

குரல் உயரவில்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கை ஒருதடவை தலைப்பைப் பிடித்தது, பிறகு அதுவே விட்டுவிட்டது.

லோகு தரையைப் பார்த்தான். சுகுமாரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஜெனிட்டா பாதி எழுந்து, "அக்கா, மன்னிச்சிருங்க" என்றாள். கை விஷயத்துக்கா சங்கிலிக்கா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் ஆவுடையம்மாளுக்கு உறைத்தது. பதறிப்போனாள்.

"ஐயையோ! சின்னப் பிள்ளைங்கன்னு பாக்காம என்ன பேச்சுப் பேசிப்புட்டேன்! மனசுல வச்சுக்காதீங்க. சார், நீங்களும் தப்பா எடுத்துக்காதீங்க."

வாய் ஓயாத மூன்று பேரிடமும் இப்போது ஒரு கருத்துகூட இல்லை. அது அவளை இன்னும் பயமுறுத்தியது. தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, காலைச் சரியாகச் சாக்பீஸ் கோட்டில் வைத்தாள்.

"டீச்சர், மணி ஆகுது. கேமராவைப் போடுங்க. கடைசியா ஒரே ஒரு தடவை பாத்துருதேன்."

நிலோஃபர் கேமராவிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள்.

"கட்" என்றாள்.