புடவையின் எடை

ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரியின் மாடியில் ஒரு பொம்மை இருந்தது. பிள்ளை பெறும் பொம்மை. அதன் வயிற்றுக்குள் ரப்பர்க் குழந்தை ஒன்றும், சிவப்புச் சாயத் தண்ணீர் நிறைந்த குப்பி ஒன்றும் உண்டு. குழாயைத் திறந்தால் ரத்தம் போகும். மூடினால் நின்றுவிடும்.

ஒரு சமயம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து அங்கே மூன்று நாள் பயிற்சி நடத்தினார்கள். பிள்ளை பெற்றவளுக்கு அடியில் விரிக்க ஐம்பது பிளாஸ்டிக் பைகளும் கொண்டுவந்திருந்தார்கள். பையில் கோடுகள் உண்டு. ரத்தம் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஒரு நிமிஷம் நிற்கக் கூடாது. ஊசி, டாக்டர், ஆம்புலன்ஸ்.

"கண்ணால பாத்துட்டு ஒரு இருநூறு மில்லி இருக்கும்னு எழுதுறீங்களே, அதுலதான் தாய்மார் போறாங்க" என்றார் பயிற்சியாளர்.

பயிற்சியில் நர்ஸ் ஜெசிந்தா முதலாவதாக வந்தாள். பொம்மையை ஏழு தடவை பிழைக்க வைத்தாள்.

கடைசி நாள் டீ வந்துவிட்டது. பயிற்சியாளர் குழாயை மூடி, பொம்மையைத் துடைத்தபடியே சொன்னார்: "பை இல்லேன்னா துணியை நிறுத்துப் பாருங்க. கூடின ஒரு கிராம்னா ஒரு மில்லி ரத்தம்." வடை தீர்ந்துவிடுமென்று வாசலுக்குப் போய்க்கொண்டிருந்த ஜெசிந்தாவின் காதில் அது பாதிதான் விழுந்தது. பொம்மை முழுதாகக் கேட்டது. பொம்மையை யார் கேட்கப் போகிறார்கள்?

அவர்கள் போனதும் பெரிய சிஸ்டர் ஐம்பது பைகளையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். "திடீர்னு பார்வையிட வந்தா எதைக் காட்டுறது?"

"எங்களை ஏன் இங்க போட்டிருக்கு?" என்று பைகள் பூட்டைக் கேட்டன.

"பத்திரமா இருக்கத்தான்."

"யாரு பத்திரமா இருக்க?"

"நீங்கதான். வேற யாரு?" என்றது பூட்டு.

ஒரு மாதம் கழித்து, நல்ல மத்தியானத்தில், முத்துப்பேச்சி வலியோடு வந்தாள். பிள்ளை பெற வரும் எல்லாப் பெண்களையும் போல, அடியில் விரிக்கத் துவைத்த பழைய புடவை ஒன்றை ஒயர்கூடையில் கொண்டுவந்திருந்தாள். ஜெசிந்தா பீரோவிடம் ஓடினாள். சாவி பெரிய சிஸ்டரிடம். பெரிய சிஸ்டரும் டாக்டரும் மாவட்டத் தலைநகரில், தாய்மார் சாவைக் குறைக்கும் கூட்டத்தில்.

ஜெசிந்தா பூட்டை இரண்டு இழுப்பு இழுத்தாள்.

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? சாவி வரட்டும்" என்றது பூட்டு.

அவள் புடவையை எட்டாக மடித்து முத்துப்பேச்சிக்கு அடியில் போட்டாள். பிள்ளை பிறந்தது. அதைத் தூக்கித் தராசில் வைத்தாள்.

"ரெண்டே முக்கால் கிலோ! பிரமாதம்!" என்றது தராசு.

"என்ன பிள்ளை, சிஸ்டர்?"

"பொம்பளப் பிள்ளை. சத்தத்தைப் பாரு, உன்னை மாதிரியே."

"ஐயோ, அது அவங்க அப்பா சத்தம்" என்று சிரித்தாள் முத்துப்பேச்சி.

ஆனால் புடவைக்குச் சிரிப்பு வரவில்லை. "ரத்தம் நிக்கலையே" என்று தராசிடம் சொன்னது.

"எனக்குப் பிள்ளைங்களைத்தான் தெரியும்" என்றது தராசு.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். படுக்கை சுத்தமாக இருக்க வேண்டுமென்று பழகிய கை. ஈரப் பக்கத்தை உள்ளே மடித்துக் காய்ந்த பக்கத்தை மேலே போட்டாள். பத்து நிமிஷத்தில் அதுவும் நனைந்தது. மறுபடி மடித்தாள்.

"மடிக்காதே தாயி, என்னைப் பிரிச்சுப் பாரு!" என்று புடவை கத்தியது.

பீரோவுக்குள் ஐம்பது பைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. ஜெசிந்தா தாளில் எழுதினாள்: ரத்தம், இருநூறு.

"குளிருது, சிஸ்டர்."

"ஃபேன் காத்துதான். இரு, குறைக்கிறேன்."

ஃபேன் நின்ற பிறகும் முத்துப்பேச்சியின் பல் கிட்டியது. அப்போதுதான் ஜெசிந்தா மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி கையில் தட்டவில்லை. ஓடினாள். ஊசி போட்டாள், டிரிப் ஏற்றினாள், ஆம்புலன்ஸை அழைத்தாள். கற்றதெல்லாம் வரிசையாக வந்தது, ஒரு மணி நேரம் தாமதமாக. பெரிய ஆஸ்பத்திரி வாசலை வண்டி தொடுமுன்பே முத்துப்பேச்சி போய்விட்டாள்.

படுக்கையிலிருந்து புடவையை எடுக்க ஒரு கை போதவில்லை. அந்தக் கனத்தில்தான் பாதி காதில் விழுந்த வார்த்தை ஜெசிந்தாவுக்கு ஞாபகம் வந்தது. அதைத் தராசில் வைத்தாள்.

தராசு தடுமாறியது. "ரெண்டு கிலோ இருநூறு. நீ காஞ்சு வந்தப்போ நானூறுகூட இருந்திருக்க மாட்டே."

"இவ்வளவு நேரமும் உன் பக்கத்துலயேதான் கிடந்தேன்" என்றது புடவை.

ஜெசிந்தா இருநூறை அடித்துவிட்டு ஆயிரத்து எண்ணூறு என்று எழுதினாள்.

"ஏம்மா, பழியை உன் தலையில நீயே போட்டுக்கிறே?" என்றார் திரும்பி வந்த பெரிய சிஸ்டர்.

"நிறுத்துப் பாத்தேன்க்கா."

பெரிய சிஸ்டர் இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுக்கொண்டார்.

மறு மாதம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். பீரோ திறந்தது. ஐம்பது பைகளும் புதுசாக இருந்தன. "ரொம்பப் பத்திரமா வச்சிருக்கீங்க" என்றார் ஒருவர்.

மாடியில் பொம்மையின் குழாயைத் திறந்தார்கள். ஜெசிந்தா பையை விரிக்கவில்லை. மடித்த புடவை ஒன்றை அடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டி நின்றாள்.

"சார், நான் சொல்ற வரைக்கும் மூடாதீங்க. புடவை எவ்வளவு குடிக்குதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

"டீ ஆறிடும்மா" என்று பயிற்சியாளர் சிரித்தார்.

அவள் சொல்லுமுன்பே குழாயை மூடினார். பொம்மை எட்டாவது தடவையும் பிழைத்துக்கொண்டது.