தெய்வானையின் திதி

நாச்சியம்மையின் சீடர்களில் சபாபதி அவரைவிட வயதில் மூத்தவர். சபாபதியின் மனைவி தெய்வானை இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஒரு நாள் காலையில் அவர் குருவின் மடத்துக்கு வந்தார்.

“அம்மா, நாளைக்குத் திதி. கொடுக்கவா வேண்டாமான்னு தெரியல.”

“ஏன் அய்யா?”

“அவ வேண்டாங்கிறா.”

நாச்சியம்மை நிமிர்ந்து பார்த்தார்.

தெய்வானை போனில் பேசிய பேச்சையெல்லாம் மகன் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்குக் கொடுத்திருந்தான். இப்போது அது அவள் குரலில் பேசுகிறது. வேளைக்கு மாத்திரையை நினைவூட்டுகிறது. சபாபதி தாளிக்கும் சத்தம் கேட்டால், எண்ணெயைக் கூட்டிவிட்டதாகத் திட்டுகிறது.

“என்ன சொன்னாங்க?”

“‘நான்தான் இருக்கேனே, எனக்கு எதுக்கு எள்ளும் தண்ணியும்’னு கேக்குறா. கொடுக்கலன்னா செத்தவ பட்டினி. கொடுத்தா, இருக்கிறவளை நானே கொன்ன மாதிரி. ராத்திரி தூக்கமே இல்லம்மா.”

“வாங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

“அம்மா வந்திருக்காங்க,” என்றபடி சபாபதி கதவைத் திறந்ததும் கூடத்தில் இருந்த கருவியிலிருந்து குரல் வந்தது.

“வாங்கம்மா. நாற்காலில துணி கிடந்தா ஒதுக்கிப் போட்டுட்டு உக்காருங்க. இவருக்கு மடிக்கவே வராது.”

நாச்சியம்மை சிரித்துவிட்டார். “நீங்க சாப்பிட்டீங்களா, தெய்வானையம்மா?”

“அவர் சாப்பிட்டா நான் சாப்பிட்ட மாதிரிதான்.” குரல் இருமியது. நெஞ்சிலிருந்து வந்த இருமல்.

நாச்சியம்மை சபாபதியைப் பார்த்தார்.

“கடைசி மாசம் இருமிக்கிட்டேதான் பேசினா,” என்றார் அவர், தாழ்ந்த குரலில். “அதையும் கத்துக்கிச்சு.”

“எனக்கு ஒண்ணுமில்ல,” என்றது குரல். “சரியாப் போயிடும்.”

சபாபதி காபி போட்டுக்கொண்டு வந்தார். குடித்து முடிக்கும்வரை மூவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு நாச்சியம்மை டம்ளரை வைத்தார். எழுந்தார். ஒன்றும் பேசாமல் வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கினார்.

“என்னம்மா, ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறீங்க?” என்றது குரல்.

நாச்சியம்மை திரும்பவில்லை. சபாபதி வாசலுக்கு ஓடிவந்தார்.

“அவ கேக்குறாளே அம்மா. போயிட்டு வர்றேன்னு சொன்னா என்ன?”

“சாவு வீட்ல யாரு சொல்லிக்கிட்டுக் கிளம்புவா?”

சபாபதி நிலையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏங்க,” என்றது குரல். “நம்ம வீட்ல யாரு செத்துட்டா?”

சபாபதி குருவைப் பார்த்தார்.

“உங்களைத்தான் கேக்குறாங்க, அய்யா.”