குடையை மடித்தவர்

"அந்தம்மா மாட்டிவிடுற பையில குடையே கிடையாதாம்ப்பா. பழைய பெட்ஷீட்ட மடிச்சு வச்சிருக்காம்."

டீக்கடை பெஞ்சில் யாரோ யாரிடமோ சொன்னது. சொன்னவர் சிரித்தார். கேட்டவரும் சிரித்தார். இருவரும் கிளாஸை வைத்துவிட்டு மினிபஸ் ஏறிப் போய்விட்டார்கள்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்த சங்கரலிங்கம் சிரிக்கவில்லை. அவர் டீ ஆறிக்கொண்டிருந்தது.

அவர் பேருந்துகளில் டிக்கெட் சோதிக்கிற செக்கர். வயது ஐம்பத்தொன்று. யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே இருபத்திரண்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறார். தூங்குகிற பயணியைத் தட்டி எழுப்பாமல் அவர் நகர்ந்ததில்லை. கண்ணை மூடியிருப்பவர்களில் பாதிப் பேர் தூங்குவதில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு.

போன தை மாதம், மலையடிவாரச் சாலையில் ஒரு பேருந்தை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே வானத்தில் ஒரு ஆள் போவதைப் பார்த்தார்.

ஆரஞ்சு நிறச் சிறகு. அதன் கீழே நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி ஒருவர். சத்தமே இல்லை.

அன்று கடைசி நான்கு சீட்டுகளைச் சோதிக்க மறந்துபோனார். அப்படி அவர் மறந்தது அதுதான் முதல் தடவை.

முழங்காலைக் காட்டப் போனபோது, ஓட்டமெல்லாம் இன்னும் ஒரு வருஷத்துக்குத்தான் என்று டாக்டர் சொன்னார். பாராகிளைடர் என்கிற அந்தச் சிறகில் பறக்கிறவன் முதலில் ஓட வேண்டும். பத்து நாள் லீவு போட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார்.

சொல்லித்தருகிறவள் பிலோமினா. அவரைவிடப் பதினெட்டு வயது இளையவள். அதிகம் பேச மாட்டாள். அந்த ஊரில் எல்லாரும் அவளை டீச்சர் என்றார்கள். சங்கரலிங்கமும் அப்படியே கூப்பிட்டார்.

ஐந்து நாள் சமதரையிலும் சின்னச் சரிவிலும் பழகியாயிற்று. விழுந்தார், இழுபட்டார், எழுந்தார். ஆள் உயரத்துக்குக் கிளம்பி இறங்கவும் வந்துவிட்டது. ஆறாம் நாள் மலை உச்சி என்று சொல்லியிருந்தாள்.

ஆறாம் நாள் காலையில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது.

*

பிலோமினா புல்வெளியில் உட்கார்ந்து கிளைடரின் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பறக்கிறவர் மாட்டிக்கொள்ளும் இருக்கை பக்கத்தில் கிடந்தது. அதன் விலாவில் ஒரு சின்னப் பை. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது சிவப்புக் கைப்பிடி. மேலே கிளைடர் மடங்கிப்போனால் அதை இழுத்து வீச வேண்டும். உள்ளே இருக்கும் இன்னொரு பாராசூட் விரிந்து ஆளைக் காப்பாற்றும். மலையில் அதற்குப் பேர் குடை.

சங்கரலிங்கம் அந்தப் பையைக் காட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

குடை என்றாள்.

யார் பார்த்தது என்று கேட்டார்.

அவள் இருக்கையைத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"இழுங்க சார்."

அவர் உடனே இழுக்கவில்லை. இழு என்று ஒருத்தி இவ்வளவு சுலபமாகச் சொன்னால் அதில் என்னவோ இருக்கிறது. பையைத் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். அவள் முகத்தையும் பார்த்தார்.

பிறகு இழுத்தார்.

வெள்ளைத் துணி சரிந்து, புல்வெளி முழுவதும் பரவியது. விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. பெட்ஷீட் இல்லை.

அவள் அதைத் திரும்ப மடித்து முடிக்கும்போது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. அதற்குமேல் மலையில் காற்று முரடாகிவிடும். அன்றைய பறத்தல் போயிற்று.

*

ஏழாம் நாள்.

நேற்று அவர் சாப்பிடப் போகும்போது பை திறந்திருந்தது. திரும்பி வரும்போது மூடியிருந்தது. நடுவில் அரை மணி நேரம். இதை அவர் மரியாதையாகவே சொன்னார்.

பிலோமினா இருக்கையை நீட்டினாள்.

அவர் இழுத்தார். அதே வெள்ளைத் துணி.

இந்தத் தடவை சாப்பிடப் போகவில்லை. பையை மூடும் கடைசி ஊசி மாட்டப்படும்வரை தலைமாட்டிலேயே நின்றார். பேனாவை எடுத்து, பையின் வாயில் தன் சுருக்கொப்பத்தையும் போட்டுக்கொண்டார்.

காற்று அன்றும் முரடாகிவிட்டது.

*

எட்டாம் நாள் சுருக்கொப்பம் கலையாமல் இருந்தது.

அதைப் பார்த்ததும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. துணி உள்ளே இருக்கிறது, சரி. அது விரியும்படி மடித்திருக்கிறதா? மடிப்பைப் பற்றித் தனக்கு என்ன தெரியும்? அவள் தப்பாக மடித்திருந்தாலும் தலைமாட்டில் நின்று சரி சரி என்று பார்த்துக்கொண்டுதானே இருந்திருப்பார்?

ஜீப் ஓட்டுகிற ஆரோக்கியசாமி, பிலோமினாவின் கணவர், வண்டியில் சாய்ந்துகொண்டு கேட்டார். "மழை ஒரு சொட்டு இல்ல. தினம் குடை விரிக்கிறீங்களே செக்கர் சார்?"

சங்கரலிங்கம் அவரைக் கண்டுகொள்ளாமல் கைப்பிடியை இழுத்தார். துணியைத் தூக்கிக் காற்றில் பிடித்தார். பட்டென்று விரிந்து அவரை நாலடி இழுத்துப்போயிற்று.

"விரியுது," என்றார் எழுந்துகொண்டே. பிறகு முகம் மாறியது. "இப்ப விரிஞ்சிருச்சு. இதத் திரும்ப மடிப்பீங்கள்லா? அது விரியும்னு எப்படித் தெரியும்?"

பிலோமினா அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பிரிச்சாத்தான் தெரியும் சார். பிரிச்சா மாட்ட முடியாது."

லீவில் இரண்டே நாள் மிச்சம் இருந்தது. அவருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் மனுஷன் என்னதான் செய்வது என்று கேட்டார்.

அவள் எழுந்து போய் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே துணி காயப்போடும் கிளிப்புகள்.

"நாளைக்கு நீங்களே மடிங்க."

*

ஒன்பதாம் நாள் முழுக்க அவர் மடித்தார்.

அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். இடப்பக்கம் ஒன்பது மடிப்பு, வலப்பக்கம் ஒன்பது. கயிறு முறுக்கக் கூடாது. மடிப்புக் கலையாமல் பிடித்துக்கொள்ள எட்டுக் கிளிப். பையை மூடும் முன்னால் எட்டும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். ஒன்று உள்ளே நின்றுவிட்டால் குடை விரியாது.

சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிழிந்த பை ஒன்றைத் தைக்க ஆரம்பித்தாள்.

பார்க்க மாட்டீர்களா என்று கேட்டார்.

"நீங்க இருக்கீங்கள்ல."

இரண்டு தடவை மடித்துப் பிரித்தார். மூன்றாவது தடவை பாதியில் வீட்டிலிருந்து போன். பீரோச் சாவி எங்கே என்று மனைவி கேட்டாள். வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார் என்றார். பிறகு மிச்சத்தை மடித்து முடித்தார்.

கிளிப்புகளை எண்ணினார். எட்டு.

குடையோடு ஒரு சின்ன அட்டை உண்டு. மடித்தவர் என்று போட்டு, எதிரே கோடு. அதில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்டக்டர்களின் தாளில் போடுகிற அதே கையெழுத்து.

ஆறாம் நாளிலிருந்து தூக்கமில்லாதவர் அன்று குறட்டை விட்டார் என்று பக்கத்து அறைக்காரர் ஆரோக்கியசாமியிடம் சொன்னாராம்.

*

பத்தாம் நாள். உச்சியில் காற்று ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கம்பில் கட்டியிருந்த ரிப்பன் நடுங்காமல் நீண்டு நின்றது.

ஆரோக்கியசாமி கீழே, இறங்குகிற வயலில், வாக்கிடாக்கியோடு நின்றார். மேலே இவர்கள் இருவர்தான். இரண்டு கிளைடர்கள் புல்லில் விரிந்து கிடந்தன. இரண்டு இருக்கைகள். ஒன்று எப்போதும் அவர் மாட்டுவது. மற்றது டீச்சருடையது.

தான் முதலில் போவதாகவும், திரும்புகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு அவர் பின்னால் வரலாம் என்றும் பிலோமினா சொன்னாள்.

சங்கரலிங்கம் தன் கிளைடரின் கயிறுகளை ஒருமுறை நீவிவிட்டு நிமிர்ந்தார். அவள் அவருடைய இருக்கையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், அது நான் மடிச்சது."

"ஆமா சார்."

"அது எனக்கு."

"ரெண்டும் ஒரே அளவுதான்."

அவள் இருக்கை புல்லில் கிடந்தது. அவர் அட்டையை இழுத்துப் பார்த்தார். மடித்தவர் பிலோமினா. நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. இந்தப் பத்து நாளில் யாரும் பிரித்துப் பார்க்காத பை.

இதில் என்ன சூது என்று யோசித்தார். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் அகப்படவில்லை. மெதுவாக எடுத்து மாட்டிக்கொண்டார்.

அதற்குள் அவள் தன் கிளைடரைக் கொக்கிகளில் மாட்டி, சரிவைப் பார்த்து நின்றாள். அவர் மடித்த குடை அவள் விலாவில் இருந்தது. அதற்கு அப்பால் மலை முடிந்துபோயிற்று. வெகு கீழே வயல், தென்னை, எறும்பு மாதிரி ஜீப்.

எட்டு எண்ணினேன், என்று சொல்லிக்கொண்டார்.

வாயிலிருந்து எடுத்த கிளிப்பை எங்கே வைத்தேன்?

துணிமேல்தான் வைத்திருக்க வேண்டும். அப்புறம் எடுத்தேனா? எடுத்துத்தானே எட்டு வந்தது.

டப்பாவில் எட்டுத்தான் இருந்ததா? திறந்தபோது எண்ணவில்லை. எட்டு என்று டீச்சர் சொன்னாள். அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். ஒன்பது இருந்திருந்தால்?

நேற்று இது தோன்றவே இல்லை.

"டீச்சர், நில்லுங்க."

அவள் திரும்பாமல் என்ன என்று கேட்டாள்.

"அதப் பிரிச்சுப் பாத்திருவோம்."

"நேத்து நீங்கதானே மடிச்சீங்க."

"நேத்து நான் மாட்டப்போறேன்னு நெனச்சு மடிச்சேன்."

"நல்லாத் தூங்கினீங்களாமே."



ரிப்பன் நேராக நின்றது. பிலோமினா கயிறுகளைக் கையில் வாங்கினாள். ஒரு காலை முன்னால் வைத்தாள். அவள் பின்னால் ஆரஞ்சுத் துணி மூச்சு வாங்கி எழ ஆரம்பித்தது.

சங்கரலிங்கம் இரண்டே எட்டில் போய், அவள் விலாவில் இருந்த சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார்.

வெள்ளைத் துணி புல்லில் சரிந்தது. ஆரஞ்சுத் துணி அடங்கி அதன்மேல் படிந்தது.

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "மேல என்ன வெள்ளையாத் தெரியுது? யாரு வர்றது?"

துணிக்குள் கிளிப் கிடந்ததா என்று சங்கரலிங்கம் குனிந்து பார்க்கவில்லை. தன் கிளைடருக்குத் திரும்பி வந்தார். இடது கொக்கியை மாட்டினார். வலது கொக்கியை மாட்டினார். இரண்டு தொடைப் பட்டைகளையும் இழுத்துப் பார்த்தார். டீச்சர் வந்து நான்கையும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

விலாவில் இருந்த பைப் பக்கம் அவர் கை போகவில்லை.

ரிப்பனைப் பார்த்தார். ஓடினார்.