ஆள்காட்டி கூப்பாடு போட ஆரம்பித்த கதை

பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. மலை இறங்கிச் சமமாகிற இடத்தில் ஊர் என்று ஒன்றும் கிடையாது. இடுப்பளவு புல், புல்லுக்குள் முள், முள்ளுக்குள் முயலும் உடும்பும். நிலம் யாருடையது என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

கிழக்கே மூன்று வருஷம் மழை இல்லை. பாவாத்தாளும் அவள் புருஷன் செங்கோடனும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒரு மூட்டை விதை ராகியோடு அந்தப் புல்காட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். புல்லையும் புதரையும் வெட்டிக் காயப்போட்டார்கள். காய்ந்ததைக் கொளுத்தி, அந்தச் சாம்பலில் முதல் மழையோடு விதைக்க வேண்டும். மழை முந்திக்கொண்டால் நனைந்த செத்தை எரியாது. அந்த வருஷம் வயிற்றில் ஈரத்துணிதான்.

கொளுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. நிலத்தை மூன்று சுற்றுச் சுற்றி, "தீ வருது, போறவங்க போயிருங்க" என்று கூப்பாடு போட வேண்டும். முயலும் உடும்பும் குட்டிகளோடு மலைப்பக்கம் நகர்ந்துவிடும். அதன் பிறகே தீ.

அப்போதெல்லாம் ஆள்காட்டிக் குருவி புல்லுக்குள்தான் முட்டையிடும். அது பாவாத்தாளிடம் வந்தது.

"அக்கா, வெட்டிப்போட்ட புல்லுக்கடியில நாலு முட்ட வெச்சிருக்கறேன். பொரிக்க இன்னம் அஞ்சு நாள் ஆகும்."

பாவாத்தாள் மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள். "நீ பயப்படாத அம்மிணி. உனக்குச் சொல்லாம தீ வெக்க மாட்டேன்" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

மூன்றாம் நாள் மதியமே மேற்கே கருத்துவிட்டது. காற்றில் ஈர வாடை வந்தது.

"இப்ப வெச்சாத்தான் உண்டு. கூப்பாடு போடு புள்ள" என்றான் செங்கோடன்.

ஆள்காட்டி ஓடைக்குப் போயிருந்தது. வெயில் காலத்தில் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைமேல் உட்கார்ந்து சூட்டைத் தணிப்பது அதன் வழக்கம். கூப்பாடு போட்டால் அது ஓடி வந்துவிடும். "ரெண்டு நாள் பொறுத்துக்கக்கா" என்று கேட்கும். கேட்டால் பாவாத்தாளால் மறுக்க முடியாது. மறுக்காவிட்டால் குழந்தைக்குக் கூழ் இல்லை. இதையெல்லாம் நினைத்தபடியே அவள் நிலத்தை மூன்று சுற்றுச் சுற்றினாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

தீ வைத்தாள். ஒரு நாழிகையில் எல்லாம் எரிந்து முடிந்தது.

நனைந்த வயிற்றோடு வந்த ஆள்காட்டி சாம்பலுக்குள் அங்குமிங்கும் நடந்தது. பிறகு பாவாத்தாளுக்கு எதிரே வந்து நின்றது.

"நீ தீ வெச்சத நான் தப்புன்னு சொல்லலக்கா. உம்புள்ள பசி எனக்குத் தெரியாதா? ஒரு சத்தம் குடுத்திருந்தா ஓடியாந்து எடத்தக் காமிச்சிருப்பேன். நாலையும் நீ மடியில எடுத்திருக்கலாம்."

மறுப்பதா சம்மதிப்பதா என்று இத்தனை நேரம் மல்லாடிய பாவாத்தாளுக்கு, முட்டையை எடுத்து நகர்த்தி வைக்கலாம் என்பது தோன்றவே இல்லை. "தப்புப் பண்ணிட்டேன் அம்மிணி" என்று அழுதாள்.

"இனி உங்க வாய நம்பி நான் இருக்க மாட்டேன். எங்கூப்பாட்ட நானே போட்டுக்கறேன்" என்றது ஆள்காட்டி. அதற்குப் பிறகு எந்தப் பறவையும் மனிதரோடு பேசவில்லை.

மழை பெய்தது. ராகி இடுப்புயரம் வளர்ந்தது, குழந்தை பிழைத்தது. கேள்விப்பட்டு இன்னும் பத்துக் குடும்பங்கள் வந்தன. புல்காடு மலைவரைக்கும் ஒதுங்கிப்போனது. அடுத்த வருஷம் செங்கோடன் ஏர் ஓட்டும்போது ஒரு பறவை தலைக்குமேல் சுற்றிச்சுற்றிக் கத்தியது. பாவாத்தாள் ஓடிப்போய் மாட்டைப் பிடித்து நிறுத்தினாள். புல்லே இல்லாத மண்கட்டிகளுக்கு நடுவே நாலு முட்டை இருந்தன. அந்த இடத்தை விட்டுச் சுற்றி உழச் சொன்னாள்.

அந்த உழவிலிருந்துதான் ஆள்காட்டி எரிவதற்கு ஒன்றுமில்லாத கட்டாந்தரையாகப் பார்த்து முட்டையிடுகிறது. மனிதர் கால் வைத்தாலே கத்தி ஊரைக் கூட்டுகிறது. சத்தம் கேட்ட இடத்தில் அந்தப் பக்கத்து உழவர்கள் ஏரை ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள்; அப்படிப் போனாலும் அது கத்துவதை நிறுத்துவதில்லை.