தயிர்ச்சோற்றின் மேல் விழுந்த பழி

பொள்ளாச்சிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகள் மாட்டுப் பண்ணை பார்த்துவிட்டு வந்தார்கள். வந்த சில நாளில் பலருக்கும் வயிற்றைப் பிசைந்து இரத்தமாகப் போனது. பெற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அன்று பண்ணைக்குத் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு போனவள் பள்ளிச் சமையல்காரி பழனாத்தாள். பிறகென்ன, பழி போட ஆள் கிடைத்துவிட்டது. அவளை வேலையை விட்டுத் துரத்த வேண்டும் என்று ஊரே பேசியது.

விசாரிக்க வந்தவர் சுகாதாரத் துறை டாக்டர் நூர்ஜஹான். அவருக்குப் பண்ணைக் கன்றுகள் மேல்தான் சந்தேகம். துள்ளித் திரியும் கன்றின் சாணத்திலும் இப்படி இரத்தமாகப் போக வைக்கும் கிருமி இருக்கலாம். கன்றை ஒன்றும் செய்யாது, பிள்ளைகளைப் படுக்கையில் தள்ளிவிடும். ஆனால் தலைமையாசிரியர் அவரை மடக்கினார். கவின் என்ற பையன் நாள் முழுக்கக் கன்றுகளோடு கிடந்தான், கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான். தர்ஷினிக்கோ மாடென்றால் பயம்; வேனை விட்டே இறங்காதவள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அப்படியானால் சோறுதானே காரணம் என்றார். கவினும் அதே சோற்றைத்தான் தின்றான் என்பதை வசதியாக மறந்துவிட்டார்.

பழனாத்தாள் வாதாடவில்லை. "நான் பெத்ததுகளுக்குப் போட்ட மாதிரித்தானுங்க போட்டேன். புள்ளைக எந்திரிச்சு உக்காந்தாப் போதும், வேலை போனாப் போகட்டுங்க" என்றாள். நூர்ஜஹானுக்கு மனசு கேட்கவில்லை.

என்ன தின்றாய் என்று எல்லாரும் கேட்ட பிள்ளைகளிடம், எப்படித் தின்றாய் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்விக்காகவே அவரைக் கும்பிடலாம். கன்றுகளை விட்டு ஓடிவந்த பிள்ளைகள் பசியில் அப்படியே கை நீட்டியிருக்கிறார்கள். பழனாத்தாள் மட்டும் சோப்புப் போட்டுத் தன் கையைக் கழுவிய பிறகே சோற்றுப் போசியைத் திறந்திருக்கிறாள். வலது கையில் மாவுக்கட்டோடு வந்த கவினுக்கு அவளே ஊட்டிவிட்டாள். கன்றோடு விளையாடிய தோழி ஒருத்தி, கொய்யாப்பழத்தைப் பிட்டு வேனிலிருந்த தர்ஷினிக்குக் கொடுத்தாள்.

இப்போது சொல்லுங்கள்: கன்றைத் தொட்டவன் தப்பியதும், தொடாதவள் படுத்ததும் எப்படி?

விடை இதுதான். கிருமி கன்றின் மேலிருந்து கைக்குப் போனது, கையிலிருந்து வாய்க்குப் போனது. தர்ஷினிக்கு அது தோழியின் கை வழியாக வந்தது. கவினின் கை அன்று அவன் வாய்ப்பக்கமே போகவில்லை. கன்றுகளின் சாணத்தைச் சோதித்ததில் அதே கிருமி இருந்தது. பிள்ளைகள் தேறி வீடு திரும்பிய பிறகு, பெற்றோர் கூட்டத்தில் நூர்ஜஹான் எழுந்து நின்றார்.

"எந்தக் கையை நீங்க குத்தம் சொன்னீங்களோ, அந்தக் கைதாங்க கவினைக் காப்பாத்துச்சு."