உப்பளத்து வரிக்கல்

கடல் இருந்தது. கடலுக்குக் கரை இருந்தது. கரையில் ஓர் ஊர் இருந்தது, ஊரை ஆள ஒரு ராசா இருந்தான். நடந்து வெகு காலம் ஆகிறது. பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள்.

அந்த ஊர்ச் சாவடி முன்னால் ஒரு வரிக்கல் நின்றது. 'பத்து மூட்டை உப்புக்கு ஒரு மூட்டை ராசாவுக்கு' என்று அதில் வெட்டியிருந்தது.

அதை நம்பித்தான் ஆவுடை உப்பளம் போட வந்தாள். புருசன் இல்லாதவள். வீட்டை விற்றாள், வளையலை விற்றாள், கடைசியில் காதில் கிடந்த பாம்படத்தையும் விற்றாள். உப்பளம் இன்றைக்குப் போட்டு நாளைக்கு அள்ளுகிற காரியமா? புதுத் தரை உப்புத் தண்ணீரைக் குடித்துவிடும். மூன்று வருசம் களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். ஆட்களோடு சேர்ந்து அவளும் மிதித்தாள். மழை வந்துவிடுமோ என்று பயந்தாள், வரப்பு உடைந்துவிடுமோ என்று பயந்தாள், காற்று திரும்பிவிடுமோ என்று பயந்தாள். வரிக்கல்லை நினைத்து மட்டும் அவள் பயப்படவில்லை.

நாலாம் வருசம் பாத்தியில் உப்பு பூத்தது. அந்த வருசமே ராசா யானைக் கொட்டில் கட்டினான். பேச்சிமுத்து ஆசாரி உளியோடு வந்து, கல்லில் இருந்த எழுத்தைச் செதுக்கி எடுத்துவிட்டு, 'ஆறுக்கு ஒன்று' என்று வெட்டினார். மறு வருசம் சண்டை வந்தது. அதையும் செதுக்கி எடுத்துவிட்டு, 'நாலுக்கு ஒன்று' என்று வெட்டினார். அதற்கு மறு வருசம் ராசா மகளுக்குக் கல்யாணம். 'மூன்றுக்கு ஒன்று.' ஒவ்வொரு முறையும் ராசாவிடம் ஒரு காரணம் இருந்தது. ஆவுடையிடம்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அளத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அடுத்த நாட்டு அளத்தில் கூலிக்கு மண் மிதிக்கப் போனாள். மற்ற அளக்காரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வரப்புகள் கரைந்தன. ஊருக்கெல்லாம் உப்பு விற்ற ஊர் உப்பு வாங்கித் தின்றது. அரண்மனைச் சோறே சப்பென்று ஆனபோது ராசா விழித்துக்கொண்டான்.

"ஐந்து வருசத்துக்கு வரியே கிடையாது! முதல் போட வாருங்கள்!" என்று முரசு அறையச் சொன்னான். ஒரு நாள் பார்த்தான், ஒரு மாதம் பார்த்தான், ஒரு வருசம் பார்த்தான். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் ஆவுடையைச் சாவடிக்கு வரவழைத்தான்.

"ஒரு பிடி உப்புகூட வேண்டாம் என்கிறேன். இன்னும் என்னம்மா பயம்?"

"எனக்கு எழுத்து தெரியாது மகாராசா. தடவித்தான் படிப்பேன்" என்று அவள் வரிக்கல்லில் கை வைத்தாள். மூன்று முறை செதுக்கிய இடம் குழிந்து கிடந்தது. உள்ளங்கை முழுக்க உள்ளே போயிற்று. "நீங்களும் வைத்துப் பாருங்கள்."

ராசா பக்கத்தில் நின்ற மந்திரி சிரித்தார். "மண் மிதிக்கிறவள் ராசாங்கத்துக்குப் பாடம் நடத்துகிறாளோ?"

"நான் மிதித்த மண் மிதித்தபடி கிடந்தது சாமி. நீங்கள் வெட்டிய எழுத்துதான் கிடக்கவில்லை."

ராசா குழியில் கை வைத்தான். கூட்டத்தில் நின்ற பேச்சிமுத்துவைக் கூப்பிட்டு, "ஆசாரி, இதில் இன்னும் எத்தனை முறை எழுதலாம்?" என்றான்.

"ஒரே ஒரு முறை மகாராசா. அதற்கு மேல் உளி பட்டால் கல் ஓட்டையாகிவிடும்."

"புதுக் கல் நட்டால் போச்சு" என்றார் மந்திரி.

"வேண்டாம்" என்றாள் ஆவுடை. "புதுக் கல்லை எத்தனை முறை வேண்டுமானாலும் செதுக்கலாமே. இதிலேயே வெட்டுங்கள். வரி இல்லாமல் சும்மாவும் வேண்டாம். பழையபடி பத்துக்கு ஒன்று."

அப்படியே வெட்டப்பட்டது. கூலியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் போட்டு, ஆவுடை மூன்றே மூன்று பாத்தி கட்டினாள். மறுபடியும் மூன்று வருசம் மிதித்தாள்.

நாலாம் வருசம் மழை பொய்த்தது. வயல் எல்லாம் கருகியது, அளத்தில் மட்டும் வெயிலுக்கு உப்பு வெள்ளை வெளேரென்று பூத்தது. "விளைந்திருப்பது அது ஒன்றுதான், இந்த ஒரு தடவை கூட்டிவிடலாம்" என்றார் மந்திரி. கஜானா காலி. ராசா ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வரிக்கல்லுக்கு வந்தான்.

ஆவுடை உப்பு வாரும் பலகையும் கையுமாகப் பாத்தியில் நின்று பார்த்தாள். விற்பதற்கு இனி அவளிடம் என்ன இருக்கிறது? கை மூளி, காதும் மூளி.

ராசா குழிக்குள் கை வைத்தான். எடுக்கவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது.

"உளியைப் பையில் போடும் ஆசாரி" என்றான் கடைசியில். "யானைகளை விற்கச் சொல்லுங்கள்."

அவன் அரண்மனைப் பக்கம் திரும்பி நடந்த பிறகுதான் ஆவுடை பலகையைப் பாத்தியில் இறக்கினாள்.

சொன்ன வரியில் நிற்கிற அரசை நம்பித்தான் தொழில் வளரும். சொல் மாறுகிற அரசு வரியே வேண்டாம் என்றாலும் முதல் போட ஆள் வராது.